முதுகில் ஒரு வீடு

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து செல்கிறது. போகிற இடமெல்லாம் அதற்கு வீடு உண்டு. ஆனால் அதன் வேகம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த மனிதன், நத்தையின் வசதியும் வேண்டும், குதிரையின் வேகமும் வேண்டும் என்று ஆசைப்பட்டான். அந்த ஆசையில் பிறந்ததுதான் அமெரிக்க நாட்டில் 'டிரக் கேம்பர்' எனப்படும் நடமாடும் வீடு.

பின்புறம் திறந்த தட்டு உள்ள சிறு சரக்கு வண்டியை, அதாவது பிக்அப் டிரக்கை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டின் மேல் ஒரு சிறிய அறையை அப்படியே தூக்கி வைத்து இறுக்கிக் கட்டிவிட்டால் அதுவே டிரக் கேம்பர். உள்ளே படுக்கை, எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி, சில வண்டிகளில் கழிப்பறையும் உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே முன்னோக்கி நீண்டிருக்கும் பரண் போன்ற பகுதிதான் பெரும்பாலும் படுக்கும் இடம். காட்டோரம், ஏரிக்கரை, மலையடிவாரம் என எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி உறங்கலாம்.

இதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று உண்டு. முதுகில் ஒரு சிறு பை, அதில் ஒரு போர்வை, மழைக்கு ஒரு துணி, கொஞ்சம் உணவு. அவ்வளவுதான். இந்த இரண்டு வழிகளும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றையொன்று பார்த்து நகைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை வரலாற்றைக் கொண்டும், கொஞ்சம் இயற்பியலைக் கொண்டும் பார்ப்போமா?

சுமையோடு முகாமிட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் நான்கு பெரிய மனிதர்கள். மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு, கண்டுபிடிப்பாளர் தாமஸ் எடிசன், டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பர்ரோஸ். 'நாடோடிகள்' என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட இவர்கள், 1915 முதல் 1924 வரை பல கோடைக் காலங்களில் மோட்டார் வண்டிகளில் முகாமிடச் சென்றார்கள். நாடோடிகள் என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்! கூடாரங்களையும் கட்டில்களையும் ஏற்றிய வண்டிகள் பின்னால் வந்தன. சமையலுக்கென்றே அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் பொருத்திய தனி வண்டி ஒன்று, அதற்குச் சமையற்காரர்கள். எடிசன் கம்பெனியின் மின்கலங்கள் கூடாரங்களுக்கு விளக்கேற்றின. 1921ஆம் ஆண்டு ஜூலையில் மேரிலாந்தில் முகாமிட்டபோது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கே வந்து கலந்துகொண்டார்.

1918ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றிப் பர்ரோஸ் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 81. பெரிய பாக்கார்டு வண்டி ஒன்றின் விசிறி உடைந்து ரேடியேட்டரைத் துளைத்துவிட்டது. வண்டி நின்றது. வேறு யாராக இருந்தாலும் பயணம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் உலகத்திலேயே பெரிய மோட்டார் தொழிற்சாலையின் அதிபர் கூடவே இருந்தார். அவரே கருவிகளைக் கையில் எடுத்துச் சரிசெய்தார். வண்டியை நம்பிக் காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு ஃபோர்டையும் உடன் அழைத்துப் போவது நல்லது என்று தோன்றுகிறது.

கடைசியில் இந்தப் பயணங்கள் நின்றுபோனதற்குக் காரணம் பழுதல்ல, கூட்டம். போகிற ஊரிலெல்லாம் மக்களும் செய்தியாளர்களும் திரண்டார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் மிகுந்துவிட்டதை ஃபோர்டே தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். தனிமையைத் தேடிப் போகிறவன் ஊர்வலமாகப் போனால் தனிமை எங்கே கிடைக்கும்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிக்அப் வண்டி அமெரிக்காவில் பரவலாயிற்று. 1950களிலும் 1960களிலும் அதன் தட்டில் ஏற்றும் கேம்பர்களைப் பல சிறு தொழிற்சாலைகள் செய்து விற்றன. இவற்றில் உலகப் புகழ் பெற்றது நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கின் வண்டி. 1960ஆம் ஆண்டு செப்டம்பரில், தம் 58ஆம் வயதில், சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க அவர் புறப்பட்டார். முக்கால் டன் தாங்கக்கூடிய ஜி.எம்.சி. பிக்அப் வண்டியின் மேல் ஒரு சிறு வீடு. டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரான 'ரோசினான்டே' என்பதையே வண்டிக்கும் வைத்தார். ஏறத்தாழ 10,000 மைல் சென்று வந்து 1962இல் 'சார்லியுடன் பயணங்கள்' என்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அந்த நூலில் நமக்கு வேண்டிய செய்திகள் மூன்று உள்ளன. முதலாவது, வண்டியில் அவர் ஏற்றிய பொருள்கள். கருவிகள், துப்பாக்கிகள், எழுதுபொருள்கள், உணவுப் பெட்டிகள் எல்லாம் போக, இதுவரை படிக்காமல் விட்ட புத்தகங்கள் மட்டும் 150 பவுண்டு! ஏறக்குறைய 68 கிலோகிராம். அதாவது, ஒரு முழு மனிதனின் எடைக்குப் புத்தகம். இரண்டாவது, ஆரிகான் மாநிலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழையில், சுமை தாங்காமல் பின்பக்க டயர் வெடித்தது. சேற்றில் படுத்து மாற்றுச் சக்கரத்தைப் பூட்டினார். மற்றொரு டயரும் புடைத்து நின்றது. பக்கத்து ஊர் பெட்ரோல் நிலையக்காரர் ஒருவர் எங்கெங்கோ தொலைபேசியில் பேசிக் கனத்த டயர்களை வரவழைத்துக் கொடுத்திராவிட்டால் பயணம் அங்கேயே நின்றிருக்கும். மூன்றாவது, ஊர் திரும்பும்போது நியூயார்க்கின் ஹாலண்டு சுரங்கப்பாதையில் காவலர் அவரைத் தடுத்துவிட்டார். சமையல் எரிவாயு இருக்கும் வண்டிக்குச் சுரங்கத்தில் அனுமதி இல்லை. படகுத் துறையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

டயர் ஏன் வெடிக்கிறது? சக்கரம் உருளும்போது டயரின் அடிப்பகுதி நசுங்குகிறது. மேலே வரும்போது மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக மாறித் தங்கிவிடுகிறது. சுமை மிகுந்தால் நசுக்கம் மிகும். நசுக்கம் மிகுந்தால் வெப்பம் மிகும். நிமிடத்திற்குப் பல நூறு முறை இது நடக்கிறது. வெப்பத்தில் ரப்பருக்கும் உள்ளிருக்கும் துணி அடுக்குக்கும் இடையேயுள்ள பிடிப்புத் தளர்ந்து, ஒரு கட்டத்தில் டயர் பிளந்துவிடுகிறது. மழை நாளில் வெடித்தது என்பதைக் கவனியுங்கள். சாலை குளிர்ந்திருந்தும், அதற்கு முன் பல ஆயிரம் மைல் பட்ட பாடு விடவில்லை.

டயர் போனால் மாற்றிக்கொள்ளலாம். இதைவிடக் கவலைக்குரியது வண்டியின் ஈர்ப்பு மையம். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது நாம் சற்று ஒதுங்கி நிற்கிறோம் அல்லவா? அதே பயம்தான் இங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாமாக எடுத்துக்கொண்டவை. ஆனால் நடைமுறைக்கு ஒத்தவை.

வெறும் வண்டியின் நிறை 2,300 கிலோகிராம், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் என்று கொள்வோம். அதன் மேல் 1,000 கிலோகிராம் கேம்பர். அதன் ஈர்ப்பு மையம் 170 சென்டிமீட்டர் உயரத்தில். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் பொது ஈர்ப்பு மையம் 104 சென்டிமீட்டருக்கு ஏறிவிடுகிறது. இடவல சக்கரங்களின் இடைவெளி 170 சென்டிமீட்டர் என்றால், அதில் பாதி 85. இந்தப் பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்தான் வண்டி கவிழாமல் நிற்கும் திறனின் அளவு. வெறும் வண்டிக்கு 1.13, கேம்பர் ஏற்றிய வண்டிக்கு 0.82.

இதை வேகமாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் வெறும் வண்டி கவிழ மணிக்கு 85 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கேம்பர் ஏற்றிய வண்டிக்கு 72 கிலோமீட்டரே போதும். இங்கே ஒரு நுட்பம் உள்ளது. உலர்ந்த சாலையில் டயரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8. வெறும் வண்டியை வேகமாகத் திருப்பினால், கவிழ்வதற்கு வெகு முன்பே அது வழுக்கும். வழுக்குவது ஓட்டுநருக்கு எச்சரிக்கை. கேம்பர் வண்டியிலோ வழுக்கும் எல்லையும் கவிழும் எல்லையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வில்கள் ஒரு பக்கம் அமுங்கி வண்டி சாய்வதையும், தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்குவதையும் சேர்த்தால் கவிழும் எல்லை இன்னும் முன்னதாக வரும். எச்சரிக்கை வருவதற்கு முன்பே விபத்து வரக்கூடும்.

இன்னொரு சிக்கல் முன்பின் சமநிலை. கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் என்ன ஆகும்? பின் அச்சு ஆதாரப் புள்ளியாக, வண்டி ஏற்றப்பலகை போல ஆடும். முன் சக்கரங்களின் மேல் அழுத்தம் குறையும். திசை திருப்பும் சக்கரங்களே அவைதாம்! இந்த ஆபத்தை உணர்ந்த அமெரிக்க அரசு 1970களில் ஒரு விதி செய்தது. இத்தகைய கேம்பரை ஏற்றத்தக்க வண்டிகளைச் செய்வோர், எவ்வளவு எடை ஏற்றலாம், அதன் ஈர்ப்பு மையம் தட்டில் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. வாங்குபவர் அதைப் படித்துவிட்டு, அதன் பிறகு 150 பவுண்டு புத்தகத்தை ஏற்றினால் விதி என்ன செய்யும்?

எரிபொருள் செலவைப் பற்றிக் கேட்டால் என் மாணவர்கள் உடனே மலையைத்தான் காட்டுவார்கள். "அவ்வளவு பாரத்தை மலைமேல் ஏற்ற வேண்டுமே, ஐயா!" என்பார்கள். கணக்கு வேறு கதை சொல்கிறது. 1,000 கிலோகிராமை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டிய வேலை 98 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. எஞ்சின் அதில் கால் பங்கையே வேலையாக மாற்றும் என்று கொண்டால், ஒரு லிட்டருக்கு 80 லட்சம் ஜூல். ஆக மலை ஏறுவதற்கு ஒன்றேகால் லிட்டர் கூடுதல் பெட்ரோல் போதும். சமதளத்தில் 100 கிலோமீட்டர் உருட்டிச் செல்வதற்கும் ஏறக்குறைய இதே அளவுதான், ஏனெனில் உருளும் உராய்வு எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவே.

உண்மையான எதிரி காற்று. வண்டியின் முன்முகப் பரப்பு 3 சதுர மீட்டரிலிருந்து 6 சதுர மீட்டராக உயர்கிறது என்று கொள்ளுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் கூடுதல் தடை சுமார் 560 நியூட்டன். 100 கிலோமீட்டர் போவதற்குள் அது சுமார் 7 லிட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விழுங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைத்தால் இது 3 லிட்டராகச் சுருங்கும், ஏனெனில் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. எனவே வீட்டை எடுத்துக்கொண்டு விரைந்து போக நினைப்பவனிடம் காற்று வாடகை வசூலிக்கிறது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோலுக்கு வரிசை நின்றபோது, நடமாடும் வீடுகளின் விற்பனை அமெரிக்காவில் சரிந்ததில் வியப்பில்லை.

இனி மறுபக்கம் வருவோம். நாம் நாற்பது ஆண்டுகள் பின்னோக்கி அல்ல, ஃபோர்டின் வண்டிகளுக்கும் முன்னால் போக வேண்டும்.

ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்ற செருப்புத் தொழிலாளி பென்சில்வேனியா மாநிலத்தில் வாழ்ந்தார். 1821இல் பிறந்தவர். 'நெஸ்முக்' என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் எழுதினார். அது அவர் சிறுவனாக இருந்தபோது காட்டு வாழ்க்கையைக் கற்பித்த ஓர் அமெரிக்க இந்தியரின் பெயர். குள்ளமான உருவம், மெலிந்த உடல், போதாததற்கு நுரையீரல் நோய். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள ஆடிராண்டாக் மலைகளில் ஏரிகள் சங்கிலி போலக் கிடக்கின்றன. ஓர் ஏரியைக் கடந்ததும் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். அங்கு வழக்கத்திலிருந்த படகு 60 பவுண்டுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தூக்கவும் ஓட்டவும் ஒரு வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். பணக்காரர்கள் அமர்த்தினார்கள். நெஸ்முக்கிடம் பணம் இல்லை.

அவர் ரஷ்டன் என்ற படகுத் தச்சரிடம், எனக்கு எவ்வளவு இலேசாகச் செய்ய முடியுமோ அவ்வளவு இலேசாகப் படகு வேண்டும் என்று கேட்டார். 1883இல் ரஷ்டன் செய்து கொடுத்த தேவதாரு மரப் படகு 9 அடி நீளம். எடை பத்தரைப் பவுண்டு, ஐந்து கிலோகிராமுக்கும் குறைவு! ஒரு கையால் தூக்கிவிடலாம். டிக்கன்ஸ் நாவல் ஒன்றில் வரும், தண்ணீர் பக்கமே போகாத மதுப்பிரியையான தாதியின் பெயரான 'சேரி கேம்ப்' என்பதை அதற்கு வைத்தார். படகுக்குள்ளும் தண்ணீர் புகவில்லை என்பது சிலேடை. அந்தப் படகில் 266 மைல் சென்று வந்தார். படகு, மாற்றுடை, போர்வை, இரண்டு நாள் உணவு, சிறு கோடரி, தூண்டில் எல்லாம் சேர்ந்து 26 பவுண்டைத் தாண்டியதில்லை என்று தம் நூலில் கணக்குக் கொடுத்திருக்கிறார். ஸ்டைன்பெக்கின் புத்தகங்களின் எடையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்.

இதில் ஓர் எளிய எண்கணிதம் ஒளிந்திருக்கிறது. சுமையை ஒரே நடையில் எடுத்துச் செல்ல முடிந்தால் ஒரு மைல் வழிக்கு ஒரு மைல் நடந்தால் போதும். இரண்டு நடையாக எடுத்தால்? போய், திரும்பி, மறுபடி போய், மூன்று மைல். மூன்று நடை என்றால் ஐந்து மைல். சுமை இரண்டு மடங்கானால் நடை மூன்று மடங்காகிறது. நோயாளியான நெஸ்முக் இந்தக் கணக்கைத் தன் உடம்பாலேயே போட்டவர்.

நெஸ்முக்கின் நூல் வெளிவந்த 1884ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஹோல்டிங் என்ற தையற்காரர், மிதிவண்டியில் எடுத்துச் செல்லத்தக்க இலேசான கூடாரங்களைத் தைத்தார். 1901இல் மிதிவண்டி முகாமாளர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். சிறுவனாக இருந்தபோது 1853இல் அமெரிக்கப் புல்வெளிகளைப் பார வண்டிகளின் வரிசையோடு கடந்தவர் அவர் என்பது சுவையான செய்தி.

ஆனால் இலேசான பயணத்தின் உச்சம் என்று நான் கருதுவது எம்மா கேட்வுட் என்ற மூதாட்டியைத்தான். ஒஹையோ மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பெண். 11 குழந்தைகளின் தாய். கணவனின் அடி உதைகளைப் பல்லாண்டு தாங்கி, பின் மணவிலக்குப் பெற்றவர். 1955ஆம் ஆண்டு மே மாதம், 67ஆம் வயதில், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அப்பலேச்சிய மலைப் பாதையில் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். செப்டம்பர் 25ஆம் நாள் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை உச்சியில் நின்றார். தூரம் 2,000 மைலுக்கு மேல். ஒரே பருவத்தில் தனியாக அப்பாதையை முழுதும் நடந்த முதற் பெண் அவரே.

அவரிடம் கூடாரம் இல்லை. உறங்கும் பையும் இல்லை. தம் கையால் தைத்த ஒரு துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதில் ஒரு போர்வை, மழைச் சட்டை, மழைக்கு ஒதுங்கக் குளியலறைத் திரையாகிய ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, கொட்டைகள், உலர்ந்த திராட்சை, டப்பாவில் அடைத்த இறைச்சி, காயத்துக்குக் கொஞ்சம் மருந்து. கால்களில் சாதாரணக் கான்வாஸ் செருப்புகள். சுமை 20 பவுண்டைத் தாண்டவில்லை. அந்த ஆகஸ்டில் கானி, டயேன் என்ற இரு புயல்கள் அந்தப் பகுதியைச் சீரழித்தன. அவற்றின் வெள்ளத்தையும் கடந்து நடந்தார். பின்னர் 1959இல், ஆரிகான் குடியேற்ற வழியில் மற்றுமொரு நெடுநடை. ஸ்டைன்பெக் டயர் மாற்றிய அதே மாநிலத்துக்குத்தான் அந்த நடையும் போய்ச் சேர்ந்தது.

இலேசுப் பயணம் குற்றமே இல்லாதது என்று எண்ணிவிட வேண்டாம். 1954இல் கேட்வுட் முதன்முறை முயன்றபோது மெய்ன் காட்டில் வழி தவறினார். மூக்குக் கண்ணாடி உடைந்தது. காவலர்கள் மீட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். 1955இலும் பல இரவுகளை வழியிலிருந்த வீடுகளின் திண்ணைகளிலும் அறைகளிலும் கழித்தார். முன்பின் தெரியாதவர்கள் சோறு போட்டார்கள். பையில் இல்லாத கூடாரத்தின் எடையைப் பிறர் வீட்டுக் கூரை சுமந்தது என்றுகூடச் சொல்லலாம். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உறைநிலைக்கு மேலான குளிரிலேயே உடல் வெப்பம் இறங்கி உயிர் போகக்கூடும். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்ற அறிவு இல்லாதவனுக்குச் சின்னப் பை ஆபத்தானது.

அந்த அறிவைக் கணக்காக மாற்றியவர் ரே ஜார்டைன். வானூர்திப் பொறியாளராக இருந்து பாறை ஏறுபவராக மாறியவர். 1992இல் வெளியிட்ட கையேட்டில், பையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் பார்க்கச் சொன்னார். உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையின் எடை 10 பவுண்டுக்குள் இருந்தால் அதை இன்று 'மீ இலேசு' என்று வகைப்படுத்துகிறார்கள். எடை குறைந்த பைக்கு இலேசான செருப்புப் போதும். இலேசான செருப்பு காலைச் சோர்வடையச் செய்யாது. சோராத கால் விரைவில் ஊர் சேரும். விரைவில் சேர்ந்தால் உணவும் குறைவாக எடுத்துச் செல்லலாம். குறைப்பு குறைப்பைப் பெறுகிறது. கேம்பரில் இதன் தலைகீழைப் பார்க்கிறோம். கனமான வீட்டுக்குக் கனமான வில், அதற்குக் கனமான டயர், அதற்குப் பெரிய எஞ்சின், அதற்குப் பெரிய எண்ணெய்த் தொட்டி!

இருப்பினும் முழங்கால் வலிக்காரரும், கைக்குழந்தையோடு போகிறவரும், சக்கர நாற்காலியில் இருப்பவரும் காட்டைப் பார்க்க வேண்டாமா? அவர்களுக்குக் கேம்பர் ஒரு நல்ல கருவிதான். ஸ்டைன்பெக்கும் உடல்நலம் குன்றியிருந்த நிலையில்தான் புறப்பட்டார். என் குறை எல்லாம், இரண்டு நல்ல கால்களும் உள்ளவர் வண்டியை விட்டு இறங்காமலேயே காட்டைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்வது பற்றித்தான். கேம்பர் போகுமிடம் சாலை முடியுமிடம் வரையில். தாழ்ந்த பாலமும் தாழ்ந்த மரக்கிளையும் அதற்கு முன்பே கூட நிறுத்திவிடும்.

ரோசினான்டே இப்போது கலிபோர்னியாவில் ஸ்டைன்பெக் பிறந்த ஊரான சலினாஸின் நினைவு மையத்தில் காட்சிக்கு நிற்கிறது. அதை அங்கே கொண்டுபோய் நிறுத்த எத்தனை பேர் தேவைப்பட்டார்களோ! சேரி கேம்ப் படகும் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. அதைத் தூக்கி வைக்க ஒருவர் போதும்.